பின்னால் தள்ளிய தேதி

"செப்டம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளும்போது, யோசிக்காமல் கைக்கு வந்த தேதியைப் போட்டுவிட்டேன்."

டைரியில் எழுதிவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். தண்ணீரில் ஈயம் அளக்கும் அந்தப் பழைய மெஷினின் மென்பொருள் இந்த வருஷத்தை ஏற்காது. பழைய தேதியைக் காட்டி ஏமாற்றினால்தான் எழுந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் இன்று அது எழுந்ததும் கேட்டது: 'பாதியில் நின்ற சோதனையைத் தொடரவா?' அவசரத்தில் 'ஆம்' என்று தட்டிவிட்டாள்.

மேலாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "காலையில இந்த மெஷினை எடுக்கப் பழைய இரும்புக்காரன் வர்றான்மா. நீ கிளாஸுக்குக் கிளம்பு."

"ஒரே ஒரு பாட்டில் சார்."

"அது செத்துப்போச்சு. முட்டுக் குடுத்து உக்கார வைக்காத." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

போன் அடித்தது. அக்கா. "டாக்டர் திரும்பவும் கேக்குறாருடி. எங்க வீட்டுத் தண்ணியில ஈயம்னு தெரிஞ்சா மருந்தை மாத்தலாமாம். குட்டிப் பய கண்ணையே திறக்க மாட்டேங்கிறான்."

"அழாத. நம்பர் இல்லாம இங்கருந்து எழுந்திருக்க மாட்டேன்."

போனை வைத்தபோதுதான் சுவரில் இருந்த படம் கண்ணில் பட்டது. தடித்த மூக்குக் கண்ணாடிக்காக எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிட்டவர். வருஷக்கணக்கில் இந்த மெஷினை ஓட்டியவர். புகையை வெளியே இழுக்கும் விசிறி நின்றது தெரியாமல், சோதனை பாதியில் இருக்க, இதே நாற்காலியில் தலை சாய்ந்தவர். படத்தின் கீழே அவர் இறந்த தேதி. அவள் தட்டிய அதே தேதி.

மெஷினின் கண்ணாடிக் கூண்டுக்குள் வட்டத் தட்டு மெல்லத் திரும்பியது. கடைசிக் குழியில் மட்டும்தான் அவள் வைத்த குப்பி இருந்தது. ஆனாலும் ஊசி முதல் வெற்றுக் குழிக்குள் இறங்கி, அங்கே நிஜமாகவே ஏதோ இருப்பதுபோல் நிதானமாக உறிஞ்சி, சூட்டுக் குழாயில் கொண்டுபோய்ச் சொட்ட, 'சுர்' என்ற சத்தத்தோடு தீய்ந்த மயிர் வாடை அறையெங்கும் பரவியது. அடுத்த குழி. அதுவும் வெற்று. அதுவும் 'சுர்'.

கூண்டின் கண்ணாடி உள்ளிருந்து மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. யாரோ மூச்சு விடுகிற நிதானம்.

அண்ணாந்து பார்த்தாள். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. விசிறி சுற்றவில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்தாள். பிளக்கைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் இது நிற்கும். மறுபடி எழாது. நான் சரியாகத்தான் செய்கிறேனா? தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார்," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "உங்க வேலையை முடிச்சுக்கோங்க. நான் குறுக்க வரல. ஆனா கடைசிக் குழி எங்க அக்கா பையனோடது. அதை அளக்காம நீங்களும் எழுந்திருக்க முடியாது, நானும் எழுந்திருக்க மாட்டேன்."

ஊசி நின்றது. யோசித்தது. தட்டு திரும்பியது.

கடைசிக் குழி.

'சுர்.'

திரையில் எண் விழுந்தது. இருக்கக்கூடிய அளவைப்போல் பல மடங்கு. அக்காவை அழைத்துச் சொன்னாள். "அந்தத் தண்ணியை இனி யாரும் தொடாதீங்க. டாக்டர்கிட்ட ஓடு!"

போனை வைத்தாள். சோதனை முடிந்திருக்க வேண்டும். தட்டு நிற்கவில்லை. கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது.

துணியால் துடைத்தாள். போகவில்லை. உள்பக்கம்.

ஐந்து விரல் நுனிகள். அவற்றுக்கு மேலே, அருகருகே, தெளிவாக இரண்டு வட்டங்கள். தடிமனான மூக்குக் கண்ணாடியை யாரோ உள்ளிருந்து அழுத்தி, அவளையே பார்ப்பதுபோல்.

அவள் எழுந்து ஓடவில்லை. கண்ணை எடுக்காமல், தடவி டைரியை இழுத்து எழுதினாள்:

"நாளை: அக்கா வீட்டு மாடித் தொட்டியிலிருந்து இன்னொரு பாட்டில். இரும்புக்காரனைத் திருப்பி அனுப்ப வேண்டும். விசிறியைச் சரிசெய்ய வேண்டும். இன்று போட்ட தேதியை மாற்றக் கூடாது."