நாலாவது ஆள்

விமான நிலையத்துக் கார் தரிப்பிடத்தை விட்டு வெளியே வந்ததுமே டிங், டிங் என்று பெல்ட் மணி அடிக்கத் தொடங்கியது. பின் இருக்கையில் சுதர்ஷிகா பெல்ட் போட்டுத்தான் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கல் மட்டும் இருந்தது.

"அக்கா, உங்கட நாலாவது ஆள் பெல்ட் போடேல்லையாம்," என்று காரை ஓட்டியபடி சிரித்தான் அவள் கணவன் வசீகரன்.

முன்னால் இருந்த புஷ்பவதிக்கு அது பகிடியாகப் படவில்லை. தம்பி குடும்பத்தோடு ஒஹாகுனே மலையூரில் பனி பார்க்கவென்று லண்டனிலிருந்து வந்து இறங்கியவள், மூன்று பேராகப் பயணம் புறப்படுவதா என்று தரிப்பிடத்திலேயே கால் ஊன்றி நின்றுவிட்டாள். பூச்செடி ஓரத்தில் கிடந்த கறுத்தக் கல்லொன்றைப் பொறுக்கிப் பின் இருக்கையில் வைத்து, "இப்ப நாங்கள் நாலு பேர்," என்று சொன்ன பிறகுதான் ஏறினாள். எத்தனை கடல் தாண்டினாலும் சாத்திரம் கூடவே விமானம் ஏறிவிடும்.

நாலு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். அது சுதர்ஷிகாவுக்கு மட்டுமே தெரியும். இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இரண்டாவது முறை, ஏவன்டேல் வீட்டுக் குளியலறைத் தரையில் குந்தியிருந்து வசீகரன் அழுததைப் பார்த்தவள், இந்த முறை பன்னிரண்டு கிழமை முடியும்வரை அவனிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருந்தாள். நாளைக் காலையோடு முடிகிறது. பனிக்குள் வைத்துச் சொல்லப்போகிறாள். போன கிழமை நியூ லின்னுக்குத் தனியாகப் போய் ஸ்கேன் எடுத்தபோது, குதிரைக்குட்டி ஓடுவதுபோல் அந்தத் துடிப்பைக் கேட்டிருந்தாள். இப்போது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தேசிக்காய் அளவு இருக்கும் என்றார்கள்.

கல்லும் அந்த அளவுதான். அப்படி நினைத்ததும் உடம்பு கூசியது. பெல்ட்டை இழுத்து அதற்கும் மாட்டிவிட்டாள். மணி நின்றது.

இங்கே குளிர்காலமான யூலை மாத இருள் ஐந்தரைக்கே கவிந்துவிட, ஹீட்டரின் பொசுங்கிய தூசி மணமும் புஷ்பவதி பிரித்த மிக்ஸரின் எண்ணெய் மணமும் வெளியே நனைந்து நின்ற ஆடுகளின் வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்த காருக்குள், கொடுப்பில் இஞ்சித் துண்டை அடக்கிக் குமட்டலைப் பொறுத்துக்கொண்டே வந்தவளுக்கு, மலை வளைவுகள் தொடங்கியபோதுதான் உறைத்தது, கொஞ்ச நேரமாகக் குமட்டவே இல்லை. அந்த இரண்டு முறையும் முதலில் நின்றது குமட்டல்தான்.

எதிரே ஒரு லொறி வந்தது. அதன் வெளிச்சத்தில் பக்கத்து இருக்கை தெரிந்தது. ஒரு பிள்ளையை இருத்தியதுபோல் மெத்தை குழிந்திருந்தது. பெல்ட் இறுகியிருந்தது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே ஏசிக்கொண்டு கை நீட்டித் தொட்டாள்.

கல் இளஞ்சூடாக இருந்தது. மற்றக் கையை வயிற்றில் வைத்தாள். சுவெட்டரையும் தாண்டிக் குளிர்ந்தது.

விரலுக்கடியில் கல் துடித்தது. சின்னதாக. வேகமாக. அவளுக்குத் தெரிந்த துடிப்பு.

"இஞ்சருங்கோ, காரை நிப்பாட்டுங்கோ."

"இந்த வளைவுக்குள்ள ஏலாது, சுதா. உமக்குச் சத்தி வருதோ?"

"இல்லை."

குமட்டலே வரவில்லை. அதுதான் பயம். கல்லை எடுத்து வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வா. திரும்பி வா. வழி முழுக்க அதையே சொன்னாள். கல் சூடேறியது. வயிறு சூடேறவில்லை.

ஒஹாகுனேயில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டு வாசலில் கார் நின்றது. புஷ்பவதி பின்கதவைத் திறந்தாள்.

"என்ன பிள்ளை, இன்னும் வச்சிருக்கிறீர்? ஊர் வந்து சேர்ந்தா வழித்துணைக் கல்லை எறிஞ்சிட வேணும்." பறித்தெடுத்தவள் முகம் சுளித்தாள். "எடுக்கேக்குள்ள இவ்வளவு பாரம் இல்லையே."

"மச்சாள், வேண்டாம்! அது என்ர..."

எறிந்துவிட்டாள். பனிச்சரிவில் எங்கோ மெத்தென்று விழுந்தது.

சுதர்ஷிகா ஓடினாள். முழந்தாளிட்டாள். வெறுங்கையால் பனியைத் தோண்டினாள். பின்னால் வசீகரன் கூப்பிட்டான். பனிக்கடியில் கல். கறுப்பு. தேசிக்காய் அளவு. இளஞ்சூடு. துடித்தது.

அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். அழுகை வந்தது.

மற்றக் கை இன்னொரு கல்லில் பட்டது. அதுவும் துடித்தது. அதற்கடுத்ததும். சரிவு முழுக்க, பனிக்கடியில், ஆயிரம் கற்கள் துடித்துக்கொண்டிருந்தன. எது தன்னுடையது என்று தெரியாமல் அவள் தோண்டிக்கொண்டே இருந்தாள்.