பட்டதைப் பட்டவர் எழுதுக

தாமோதரனின் வலது கை காலை ஏழு மணியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி இட்லியைப் பிட்டு, சாம்பாரில் தோய்த்து, அவன் வாயில் வைத்தாள். இடது கையால் வைத்தாள்.

"யார அடிக்கப் போன?"

"அடிக்கல. ஓங்கினேன்."

"அதான், யார?"

"சவரிய. அவன் புறா நம்ம வடாமத் துன்னுது. போய்க் கேட்டா, 'காரம் புறாவுக்கு ஆகல, கொஞ்சம் கம்மியா போடச் சொல்லு'ன்றான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன் மணிக்கட்டில் கைப்பூட்டு சிவப்பாக மின்னிற்று. மனிதன்மேல் ஓங்கிய கையை அது சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் விடாது. வலிக்காது. கை மட்டும் ஈரத்துணிபோலத் தொங்கும். லிஃப்டில் தினமும் அப்படி நாலைந்து கைகளைப் பார்க்கலாம். என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஊரில் யாரும் யாரையும் அடித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"தண்ணி வேணுமா?" என்றாள்.

தாமோதரன் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காசிமேட்டில் கடல் மூன்றாம் மாடிவரை ஏறி நின்றுவிட்டது. அவன் திரும்பவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. அவன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்; அவள் பேசினால் பாதிக்குப் பதில் வராது. கல்யாணமான பதினோரு வருடமாக அப்படித்தான். டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

நிலம் போனபிறகு மொட்டைமாடிதான் நிலம். சுற்றியுள்ள கட்டடங்களின் மாடிகளைச் சூரியத் தகடுகள் மூடிவிட்டன. வெயில் நேராக விழும் மாடி இவர்களுடையது ஒன்றுதான். வருடத்துக்கு ஒருவருக்கு அதை ஒதுக்குவார்கள்; இதுவரை அது மங்கையிடம் இருந்தது. மங்கைக்கு வடாம் காயவேண்டும். ஒன்பதாம் மாடி சவரிநாதனுக்கு முப்பத்திரண்டு புறாக்கள். இருவரும் மனு கொடுத்திருந்தார்கள். இன்று நான்கு மணிக்கு எழுத்துக்களம்; இருவரும் எழுத்திலேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மாடி கிடைக்காவிட்டால் வடாம் இல்லை. வடாம் இல்லாவிட்டால் அவள் தாமோதரனோடு பாசிப் பண்ணைக்குப் போகவேண்டும். அவளுக்குப் பாசியின் நாற்றம் ஆகாது. அதைவிட, காலையில் சூடான கூழைத் துணியில் ஊற்றும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் இருப்பது அவளுக்குப் பிடிக்கும்.

"கடைசி வரி யோசிச்சு வச்சிட்டியா?" என்றான் தாமோதரன்.

"வச்சிட்டேன்."

"சொல்லு."

"'புறா இல்லாத வானத்தின்கீழ் மாடியில் தனியாக நின்றேன்.'"

"அப்பப்பா. அவன் அழுதுடுவான்."

கடைசி வரி ஜெயித்தவருக்குச் சொந்தம். அதில் என்ன எழுதுகிறாரோ அதுவே தீர்ப்பாகிவிடும். எல்லாரும் 'தனியாக நின்றேன்' என்றுதான் முடிப்பார்கள். இடம் அவருடையதாகிவிடும். வேறு மாதிரி முடித்தவரை யாரும் பார்த்ததில்லை.

மூன்றரைக்கே தாழ்வாரங்கள் நிறைந்துவிட்டன. ஒவ்வொரு மாடியிலும் சுவர்த்திரையின் முன்னால் நாற்காலி போட்டு, சுண்டல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மங்கை சமையலறையில் பலகையைத் திறந்தாள். கீழே ஒன்பதாம் மாடியில் சவரிநாதன் தன் பலகையைத் திறந்திருப்பார்.

களக்காரி ஷமீமாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. விதிகளை வழக்கம்போல ஒரே மூச்சில் வாசித்தாள். களத்தில் இறங்கும் உடம்பு உங்கள் சொந்த உடம்பு, எல்லாருடைய உடல்நிலையும் பதிந்திருக்கும் உடலேட்டில் உள்ளபடி. மாற்றி மாற்றி எழுத வேண்டும், ஒரு முறைக்கு மூன்று நிமிடம். அடிப்பவர் அடியை எழுதலாம். பட்டதா, எங்கே பட்டது, எவ்வளவு வலித்தது என்பதைப் பட்டவர்தான் எழுத வேண்டும். அதை நீங்களே எழுதினால் கைமீறல். பெயர் தெரியாத ஏழு வாசகர்கள் படிப்பார்கள். நம்பமுடியாததை எழுதினால் 'நம்பல' பொத்தானை அமுக்குவார்கள். எதுவானாலும் சிவப்பு. மூன்று சிவப்புக்குத் தோல்வி. இல்லாவிட்டால், யார் தன் கையால் 'விழுந்தேன்' என்று எழுதுகிறாரோ அவருக்குத் தோல்வி.

"களம் மொட்டைமாடி. நேரம் இப்போ. வெயில் இருக்கு. மங்கையக்கா, நீங்க முதல்ல."

ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவள் தட்டினாள்.

*தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓடி வந்து, எகிறி, வலது காலை அவர் மார்புக்கு வீசுகிறேன்.*

தாழ்வாரம் அதிரச் சிரித்தது. திரையில் ஒரு சிவப்பு விழுந்தது. பக்கத்தில் உடலேட்டின் வரி வந்து நின்றது: உயரம் நூற்று ஐம்பத்திரண்டு, எடை எழுபத்தொன்று, உடை சேலை.

"மார்பா?" என்றான் தாமோதரன். "படகுல ஏறவே உனக்கு ரெண்டு பேர் கை குடுக்கணும்."

"சும்மா இரு."

சவரிநாதனின் வரி நிதானமாக வந்தது.

*அவர் கால் எழுந்த உயரத்தில் என் முழங்கால் இருந்தது. பட்டது. நல்ல முழங்கால்தான்; ஆனாலும் ஓர் அடி பின்னால் போனேன். தொட்டிக்குப் பின்னால் இருக்கும் நீளக் கழியை எடுக்கிறேன்.*

கீழ்மாடிகளில் கைதட்டினார்கள். நம்பமுடியாத உதையைக்கூட நம்பும்படி வாங்கிக்கொண்டார். மங்கைக்குக் காது சூடாயிற்று.

*அண்டா மூடியைக் கேடயமாகப் பிடித்து, குனிந்து, அவருடைய இடது முழங்காலில் இடிக்கிறேன். எலும்பு நொறுங்குகிறது.*

அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். இரண்டாவது சிவப்பு.

"நொறுங்குச்சா இல்லையான்னு நீயா சொல்றது?" தாமோதரன் இருக்கிற ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டான். சொந்தத் தலையை அடித்தால் பூட்டு கண்டுகொள்ளாது.

*பட்டது,* என்று எழுதினார் சவரிநாதன். *அங்கே எலும்பு இல்லை, உலோகம். கோயில் மணி மாதிரிக் கேட்டது. வலி மேலே தொடையில் வந்தது. கழியை ஓங்க முடியவில்லை. ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்.*

இன்னொரு சிவப்பு விழுந்தால் முடிந்தது. அவள் மனப்பாடம் செய்ததையெல்லாம் விட்டாள். கண்ணை மூடி மாடியை நினைத்தாள். நான்கு மணிக்குத் தொட்டியின் நிழல் எதுவரை வரும் என்று அவளுக்குத் தெரியும். எந்த ஓடு உடைந்திருக்கிறது, எங்கே காலையில் ஊற்றிய கூழ் இன்னும் காயவில்லை என்று தெரியும். ஒரு தடவை அவளே அங்கே வழுக்கி விழுந்திருக்கிறாள்.

*அண்டாவில் மிச்சமிருக்கும் கூழைத் தரையில் கவிழ்க்கிறேன். அவருக்கும் எனக்கும் நடுவில்.*

மொத்தக் கட்டடமும் ஊளையிட்டது.

"அடி தூள்!" என்றான் தாமோதரன்.

சவரிநாதன் மூன்று நிமிடத்தையும் எடுத்துக்கொண்டார்.

*கால் வைத்தேன். வழுக்கியது. கழி இருந்ததால் நிற்கிறேன். மூச்சு வாங்குகிறது. வயது அறுபத்தொன்று. இனி நடக்க முடியாது. நின்ற இடத்திலிருந்தே, ஒரு கையால், கழியை அவர் தலையின் வலப்பக்கத்துக்கு வீசுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. யார் வேண்டுமானாலும் கை தூக்கித் தடுத்துவிடலாம்.*

மங்கை அதை இரண்டு முறை படித்தாள். அவர் தோற்றுவிட்டார், அவருக்கும் அது தெரியும். அவள் தட்டினாள்: *வலது கையைத் தூக்கிக் கழியைப் பிடித்து இழுக்கிறேன்.* ஊன்றுகோல் போனால் அந்த ஈரத்தில் அவரால் நிற்க முடியாது. அவரே எழுதிவிடுவார்.

"முடிஞ்சுது," என்றான் தாமோதரன் தோளுக்குப் பின்னாலிருந்து. "அனுப்பு."

அவள் அனுப்பவில்லை. மேசைக்குக் கீழே வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். மார்பளவு வந்தது. அங்கேயே நின்றது. தோளுக்குள் ஆணி இறங்கியது. இரண்டு வருடமாக அது அங்கேதான் நிற்கிறது. உடலேட்டுப் பரிசோதனையில் இரண்டு முறையும் 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லியிருந்தாள். சொன்னால் அண்டா தூக்காதே என்பார்கள். தாமோதரன் வடாமே வேண்டாம் என்பான். தலை வாருவதை இடது கைக்கு மாற்றினாள், சோறு ஊட்டுவதை மாற்றினாள். யாரும் பார்க்கவில்லை.

ஏழு வாசகர்களுக்கும் தெரியாது. எழுபத்தொரு கிலோ உள்ள பெண் கையைத் தூக்கினாள் என்றால் யார் நம்பமாட்டார்கள்?

அவள் மறுபடி அவருடைய வரியைப் பார்த்தாள். மூச்சு வாங்குகிறது. யாரும் கேட்காத மூச்சு அது. உடலேட்டில் அதுவும் இருந்திருக்காது; அவராகவே எழுதிவிட்டார்.

நாற்பது விநாடி இருந்தது. எழுதியதை அழித்தாள்.

"ஏய், இன்னா பண்ற?"

*கை எழவில்லை,* என்று தட்டினாள். *இரண்டு வருடமாக எழுவதில்லை. உடலேட்டில் இல்லை. நான் சொல்லவில்லை. கழி காதுக்கு மேலே பட்டது. நான் கொட்டிய கூழிலேயே கால் வைத்தேன். விழுந்தேன்.*

எல்லா மாடிகளிலும் சுண்டல் மெல்வது நின்றது. எங்கோ ஒரு சுண்டல் தட்டு மட்டும் உருண்டது.

தாமோதரன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் தோளைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷமா?"

அவள் தலையசைத்தாள்.

"காலைல கூட ஊட்டுனியே."

"இடது கையால ஊட்டுனேன்."

அவன் கைப்பூட்டைத் திட்டினான், அதைத் திட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஒலிபெருக்கியில் ஷமீமா தொண்டையைச் சரிசெய்தாள். "களம் சவரிநாதனுக்கு. கடைசி வரி எழுதுங்க, அண்ணே."

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு. மூன்றாவதும் முடியப்போகும்போது வந்தது.

*கழியைப் போட்டேன். அவரைத் தூக்கப் போனேன். முழங்கால் மடங்காது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, அவர் பக்கத்தில் கூழிலேயே உட்கார்ந்தேன். கைக்கு எட்டிய வடாம் ஒன்றை எடுத்துத் தின்றேன். காரம் சரியாகத்தான் இருக்கிறது.*

முதலில் ஐந்தாம் மாடியில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தது. வாசகர்கள் ஏழு பேரில் ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை.

"தனியா நின்னேன்னு எழுதல," என்றாள் ஷமீமா. சிரிப்பை அடக்குவது ஒலிபெருக்கியிலும் தெரிந்தது. "பக்கத்துல உட்கார்ந்தேன்னு எழுதியிருக்காரு. எழுதுனதுதான் தீர்ப்பு. ஒரு வருஷத்துக்கு ரெண்டு பேரும் உட்காருங்க."

சண்டை முடிந்தால் இருவரும் களத்துக்குப் போகவேண்டும். அது வழக்கம். மங்கை ஏறியபோது சவரிநாதன் முன்பே வந்து தொட்டி நிழலில் நின்றார். ஒல்லியான மனிதர். தோளில் கரணமடிக்கும் புறா ஒன்று.

"பட்டுச்சா?" என்றார் அவர். களத்தில் எதிர்த்து நின்றவர்கள் கேட்கவேண்டிய கேள்வி.

"பட்டுச்சுண்ணே. உங்களுக்கு?"

"அந்த மூடி. யம்மா. எழுதும்போதே தொடை இழுத்துச்சு." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நீ இன்னா கடைசி வரி வச்சிருந்த, தங்கச்சி?"

சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். புறா எழுந்து பறந்து ஒரு சுற்று வந்தது.

"நான் வச்சிருந்தது இன்னும் மோசம்மா. 'மாடி முழுக்கப் புறா எச்சம். நடுவில் தனியாக நின்றேன்.'"

"த்தூ."

"புறாங்கள நான் மத்தியானத்துல பறக்கவிடுறேன். வடாமுக்கு மேல மீன் வலையக் கட்டிடலாம். பழைய வலை எங்கிட்ட கெடக்கு. ஆனா நான் குனியமாட்டேன்."

"நான் தூக்கமாட்டேன்."

"அப்போ கட்றது யாரு?"

இருவரும் தாமோதரனைப் பார்த்தார்கள். அவன் தொங்கும் கையோடு வாசலில் நின்றான். காலையில் இந்த ஆள்மேல்தான் கை ஓங்கினான்.

"ஆறு மணி ஆவட்டும்," என்றான் முறைப்பாக. "ஒரு கையால வலை கட்ட முடியாது."

படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஷமீமா உடலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னால் ஒரு கூட்டத்தோடு மேலே வந்தாள்.

"அக்கா, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க பாருங்க. ஆளாளுக்கு வந்து மறைச்சதையெல்லாம் எழுதச் சொல்றாங்க."

"எழுதும்மா," என்றார் நாலாம் மாடி வாத்தியார். "மேல்வரிசை பூரா பொய்ப்பல்லு. பன்னெண்டு வருஷமா."

"வாத்தியாரே, எங்க எல்லாருக்கும் தெரியும்," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "எனக்கு எழுது. ராத்திரில கண்ணு தெரியாது. தெரியுற மாதிரி நடப்பேன்."

சொல்லச் சொல்லச் சிரித்தார்கள். திருவிழாவில் ராட்டினத்துக்கு நிற்பதுபோல வரிசை படியில் நீண்டது. ஷமீமா தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

ஆறு மணிக்குக் கைப்பூட்டு பச்சையாயிற்று. தாமோதரன் விரல்களை மடக்கி விரித்தான். காய்ந்த வடாம் தட்டை எடுக்க மங்கை குனிந்தாள். அவன் முந்திக்கொண்டு தூக்கினான்.

"எண்ணெ காய்ச்சித் தேய்ச்சு விடுறேன்," என்றான். "நாளைலேர்ந்து அண்டா நான் தூக்குறேன். வடாம விடாத."

அவன் இடப்பக்கத்திலிருந்து அவள் ஏதோ சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தான். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. அவன் நின்றான். திரும்பி வரிசையைப் பார்த்தான்.

"இரு. நானும் ஒண்ணு எழுதணும்."

"இன்னா?"

"எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுலயே போச்சு. பொண்ணு பாக்க வந்தப்போ சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சொன்னாங்க. அப்புறம் எப்போ சொல்றதுன்னு தெரியல."

மங்கை அவனையே பார்த்தாள். பதினோரு வருடம். எத்தனை தடவை பேசாமல் படுத்திருக்கிறாள். எத்தனை தடவை டம்ளரைத் தட்டென்று வைத்திருக்கிறாள். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. தோள் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சவரிநாதன் என்ன என்று கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவனைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றாள்.

"இப்போ கேக்குதா?"

"கேக்குது."

"தண்ணி வேணுமா?"

"காலைலேர்ந்து வேணும்," என்றான் தாமோதரன்.