வைக்கோல் கன்று

கருப்பெட்டகம் கொடுத்த மாடு ஈன்று மூன்று நாளாகியும் கன்றை நக்கவில்லை. கன்று தள்ளாடி வந்து மடியில் முட்டும்போதெல்லாம் ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பால் இறங்கவில்லை. நாச்சாத்தாள் கன்றின் முதுகில் உப்பும் தவிடும் தடவிப் பார்த்தாள். மாடு நக்கியது. உப்பு தீர்ந்ததும் நாக்கை இழுத்துக்கொண்டது.

இதே தலைத்திருப்பலை ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் பார்த்திருக்கிறாள், செத்துப்போன தன் மாடு மயிலையிடம். இந்த மாடு மயிலையின் கருவில் பிறந்தது. அந்த வம்சத்தில் மிச்சம் இதுவும் இந்தக் கன்றும்தான். இன்றைக்கும் பால் குடிக்காவிட்டால் கன்று நாளைக்கு எழுந்திருக்காது.

பெருவறட்சியில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தபோதுதான் காங்கேயத்துக்கு மேற்கே அந்தக் கருப்பெட்டகத்தைக் கட்டினார்கள். சாகுமுன் முட்டையை எடுத்து, கண்ணாடித் தட்டில் கருவாக்கி உறையவைப்பது அங்கே வேலை. மாட்டுக் கருவில் ஒரு தொல்லை உண்டு. எலியின் கரு பளிங்குபோல இருக்கும். மாட்டின் கருவோ சாம்பல் பூத்து இருண்டு கிடக்கும். அத்தனையும் கொழுப்பு. தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. கர்ப்பப்பையில் ஒட்டும்வரை கரு அதை எரித்துத்தான் வளர வேண்டும். ஆனால் உறையவைத்தால் அதே கொழுப்பு கருவைச் சிதைத்துவிடும். ஆகவே நிணமெடுப்பான் என்ற இயந்திரம் கருவைச் சுழற்றி, கொழுப்பை, அதாவது நிணத்தை, ஓரம் ஒதுக்கி, உறிஞ்சித் தனிக் குப்பியில் வைத்தது. கருவை எழுப்பும் நாளில் அதனதன் நிணம் அதனதற்குத் திரும்பப் போகும். அப்படித்தான் சட்டம்.

ஒருநாள் குளிர்பெட்டி கெட்டது. நானூறு குப்பிகள். பழுதாகாமல் இருந்த சின்னப் பெட்டியில் ஒரே ஒரு பாத்திரம் வைக்கத்தான் இடம். அப்போது அங்கே வேலையில் இருந்தது நாச்சாத்தாளும் பொங்கியண்ணனும். இருவரும் அதற்குமுன் பால் சொசைட்டியில் கேன் கழுவியவர்கள்.

"அம்முணி, எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திப்போடலாமா?" என்றார் பொங்கியண்ணன்.

"சொசைட்டியில ஊர்ப்பாலெல்லாம் ஒரே கேன்லதானுங்ணா ஊத்துனோம். இது எந்த மாட்டுப் பாலுன்னு காப்பி குடிக்கறவன் கேட்டானா?"

ஊற்றினார்கள். பெட்டகத்துத் தலைமை டாக்டர் சகாயம் வந்து குதி குதியென்று குதித்தார். பிறகு, வேறு வழியில்லாமல், அந்தக் கலவையை வைத்தே கருக்களை எழுப்பிப் பார்த்தார். முன்பெல்லாம் நூற்றுக்கு நாற்பது பிழைக்கும். இப்போது தொண்ணூறு பிழைத்தது. கூட்டுநிணம் என்று அதற்குப் பேர் வைத்தார். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, பழையதில் ஒரு சொட்டு விட்டுப் புதியதை வளர்த்து எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பினார்.

அந்தச் சகாயம் இப்போது நிணவாசிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கொட்டிலுக்கு வந்து நின்றார். சவரம் செய்து பல நாளிருக்கும்.

"உன் மாடும் கன்னைச் சேக்கலையாம்மா?"

"இல்லீங்க."

"கூட்டுநிணத்துல பொறந்தது நாப்பதாயிரம் மாடு. எல்லாம் தலைச்சன் ஈத்து. ஒண்ணுகூடக் கன்னுக்கு முகம் குடுக்கல." மாட்டின் விலாவில் கருவியை வைத்தார். பச்சைக் கோடு ஒன்று எழுந்து, தயங்கி, விழுந்தது. "எதுல வெச்சாலும் இதே கோடு. முட்டை முதிர்ற நாள்ல தாய் பட்டதெல்லாம் நிணத்துல பதிஞ்சிடும். கரு முதல்ல எரிக்கிறது அதைத்தான், முதல்ல படிக்கிறதும் அதைத்தான். நானூறு தாயோட நிணத்துல ஒருத்தியோடது மட்டும் மத்ததையெல்லாம் அமுக்கிட்டு நிக்குது. கன்னு செத்தவளா இருக்கணும். ஆனா அந்த மாதிரி மாட்டை நாம எடுக்கவே இல்லையே. எல்லாப் படிவத்துலயும் 'கன்று நலம்'னுதானே இருக்கு."

நாச்சாத்தாள் மாட்டின் தும்புக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்மூட்டு மயிலைதானுங்க அது."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கன்னு செத்துப்போச்சுங்க. தோலை உரிச்சு, வைக்கோல் அடைச்சு, காலுக்குக் குச்சி வெச்சு முன்னால நிறுத்துனேன். மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குச்சு. அது கன்னு இல்லைன்னு அதுக்குத் தெரியுங்க. அப்பறம் என்ன நெனச்சுச்சோ, அதையே நக்க ஆரம்பிச்சு, பாலும் விட்டுச்சு. உங்க ஆளு படலுக்கு அந்தாண்ட நின்னு பாத்துட்டு, கன்னு நல்லாருக்குதான்னு கேட்டாருங்க. நல்லாருக்குதுன்னுட்டேன். உள்ளதைச் சொல்லியிருந்தா முட்டை எடுத்திருக்க மாட்டீங்க. வம்சமே போயிருக்குமுங்க."

சகாயம் திட்டவில்லை. கருவியை மறுபடி விலாவில் வைத்து, அந்தப் பச்சைக் கோடு விழுவதைப் பார்த்தார். கன்று இதற்குள் படுத்துவிட்டிருந்தது.

"வைக்கோல் இருக்கா?" என்றார்.

பக்கத்துக் கொட்டிலில் பாலில்லாமல் செத்த கன்றின் தோல் கிடைத்தது. கை மறக்கவில்லை, ஒரு பொழுதுக்குள் தைத்து முடித்தாள். கண்ணிருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. கொண்டுவந்து நிறுத்தினாள்.

மாடு முகர்ந்தது. தலையைத் திருப்பியது. மறுபடி முகர்ந்தது. அதன் தொண்டைக்குள்ளிருந்து, நாச்சாத்தாள் ஒன்பது வருடமாகக் கேட்காத ஒரு குரல் தணிந்து வந்தது. நக்கத் தொடங்கியது. காதை, கழுத்தை, அந்த இரண்டு ஓட்டைகளை. மடி கல்லாக இறுகிக் காம்பில் பால் துளிர்த்தது. நாச்சாத்தாள் படுத்திருந்த கன்றைத் தூக்கிப் பின்பக்கமாகவே சேர்த்தாள். அது திருடன்போலக் குடித்தது.

"பொழச்சோம்!" சகாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த வைக்கோல் கன்னை இயந்திரத்துலயே அடிச்சிடலாம். நாப்பதாயிரம் போதும்."

பதினைந்து நாளில் லாரி லாரியாக வைக்கோல் கன்றுகள் போயின. பால் பெருகியது. பெட்டகத்தார் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரம் அவள் புல் அறுத்துக்கொண்டு திரும்பியபோது கொட்டிலில் இரண்டு வைக்கோல் கன்றுகள் நின்றன. தான் ஒன்றுதானே வைத்தோம் என்று கிட்டப் போனாள். இரண்டாவது அவள் கன்று. வயிறு நிறையக் குடித்துவிட்டு, நான்கு காலையும் குச்சிபோல ஊன்றி, வாலை ஆட்டாமல், கண்ணில் ஈ மொய்த்தும் இமைக்காமல் நின்றுகொண்டிருந்தது. மாட்டின் நாக்கு பொய்க்கன்றை நக்கி முடித்து, அப்படியே நகர்ந்து இதன் முதுகுக்கும் வந்தது. கன்றின் தோல் ஒருமுறை சிலிர்த்தது. நாக்கு சட்டென்று நின்றது. கன்று மூச்சையும் அடக்கிக்கொண்டது. நாக்கு திரும்ப வந்தது.

கணக்கெடுக்க வந்தவன் படலுக்கு அந்தாண்ட நின்று குரல் கொடுத்தான்.

"அக்கா, கன்னு நல்லாருக்குதுங்களா? முட்டை எடுக்கற பட்டியல்ல உங்க மாட்டும்பேரையும் போடோணும்."

நாச்சாத்தாள் புல்கட்டை இறக்காமலே நின்றாள்.

"நல்லாருக்குதுங்க," என்றாள்.