கைப்பிடியின் அடியில்

நேற்றுவரை ஜாடியின் கைப்பிடி முடியும் இடத்தில் ஒரே ஒரு கட்டைவிரல் தடம்தான் இருந்தது. இன்றைக்கு இரண்டு.

வெர்லீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். தெற்குக் கரோலினாவின் பழைய மண்ஜாடிகளை இருபது வருஷமாகச் சேர்ப்பவள் அவள். கைப்பிடியை ஒட்டும்போது குயவன் அழுத்திய தடத்தை வைத்தே இன்னார் கை என்று அடித்துச் சொல்லுவாள். புதுத் தடமும் பச்சை மெருகுக்கு அடியில்தான் கிடந்தது. நூற்றைம்பது வருஷம் முன்னால் சூளையில் வெந்த ஜாடியில் இப்போது எவன் விரல் வைப்பான்? அதுவும் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்போடு. ரம்பம் கிழித்த தழும்பு. அவள் புருஷன் ராய்ஸின் கட்டைவிரல்.

ராய்ஸைப் புதைத்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு அவன் அக்கா ஒடெஸா, குடும்பத்துச் சொத்தான இந்த ஜாடியின் அடியைத் தட்டி உடைத்துக் கல்லறைமேல் வைத்தாள். வெர்லீனுக்கு வயிறு எரிந்தது. இப்படி ஒரு ஜாடியை எந்த மடச்சியாவது உடைப்பாளா! போன வாரம் போய், ஜாடியையும் உடைந்த வட்டத்தையும் எடுத்துவந்து, ஓட்டை தெரியாமல் பசை போட்டு ஒட்டிவிட்டாள். அன்றைக்கே மகள் டேவியாவுக்கு இருமல் பிடித்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

போனில் விஷயத்தைச் சொன்னதும் ஒடெஸா அலறினாள்.

"அடைச்சிட்டியா? அடிப்பாவி! போனவன் தனியாப் போகட்டும்னுதான உடைச்சோம். ஜாடி முழுசா இருந்தா வீட்ல இன்னொருத்தரையும் கூட்டிக்கிட்டுத்தான் போவான். இப்பவே உடைச்சுப் போடு!"

"சும்மா இருங்க அண்ணி. உசுரோட இருந்தப்பவே உங்க தம்பிக்கு நான் பயந்ததில்ல. செத்தப்புறமா பயப்படப்போறேன்?"

சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்ததும் நேரே ஜாடியிடம்தான் போனாள். வெளியே மழை வலுத்து, சாயங்காலமே வீடு இருண்டு, கரண்டும் போய், புதிதாகத் தோண்டிய குழியின் ஈர மண்வாடை கூடமெங்கும் பரவியது. உள்ளறையில் டேவியா இருமினாள். உடனே ஜாடி கணீரென்றது. ஒட்டுப்போட்ட ஜாடி தட்டினாலும் மொத்தென்றுதான் கேட்கும். இதை யாரும் தட்டவே இல்லை.

மறுபடி இருமல். மறுபடி கணீர்.

தடவிப் பார்த்தாள். இரண்டு தடத்துக்கும் பக்கத்தில் ஓர் இடம் பிசைந்த களிமண்ணாக இளகியிருந்தது. அதில் மூன்றாவது தடம் விழுந்துகொண்டிருந்தது. சின்னது, டேவியாவின் விரல் அளவு. பாதிதான் ஆகியிருந்தது.

வெர்லீன் சுத்தியலை எடுத்தாள்.

"ராய்ஸ்! என் புள்ளமேல கை வச்சா, உன்ன இன்னொரு தடவ சாகடிப்பேன். ஆள்தான வேணும்? இந்தா, என்னக் கூட்டிட்டுப் போ!"

அந்த இளகிய இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து, பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள். மண் விரலைக் கவ்வியது. இழுத்தாள். வரவில்லை. பச்சை மெருகு நகத்தின்மேல் ஏறியது. ஏறினால் ஏறட்டும். மறுகையால் சுத்தியலை ஓங்கினாள்.

உள்ளறையில் இருமல் நின்றது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஜெயித்துவிட்டாள்.

அப்போது ஜாடிக்குள்ளிருந்து சின்னதாக ஓர் இருமல் கேட்டது.