தப்பு இழை

மனித குலத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று மாலை உலக வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு தறி பார்வையாளரோடு உரையாட இருக்கிறது. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. வாசகம் தறியைக் காட்சிக்கு வைத்த கலைஞருடையது. தறிக்கு மோட்டாரும் கேமராவும் பொருத்தி ஓடவைத்தவள் அவர் மனைவி. அவள் பெயர் அச்சாகவில்லை.

ஆண்கள் மட்டுமே நெய்த பட்டறையில் முதன்முதலாக உட்கார்ந்த பெண்ணின் தறி அது. இப்போது அதன் முன்னால் யார் நின்றாலும், அவர் உருவம் காலிலிருந்து தலைவரை துணியில் ஏறும். அந்த நெசவுக்காரியைப் பற்றி மிஞ்சியிருந்த பேச்சு ஒன்றுதான். இழை தப்பினால் ஒட்டுப்போட மாட்டாள். தப்பு தொடங்கிய இடம்வரை பிரித்துவிடுவாள்.

காலையிலிருந்தே மனைவியை ஒரு சத்தம் உறுத்தியது. எண்ணெயும் பழைய பஞ்சும் மணக்கும் அந்தக் கூடத்தில், டக் டக்கென்று ஓடும் தறி, யாரோ பல்லிடுக்கில் மூச்சிழுப்பது போல, நடுநடுவே நூலைப் பின்னுக்கு உருவியது.

"என்னங்க, நான் இதுக்கு நெய்ய மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். இது பிரிக்குது."

"கலைன்னா அப்படித்தான். நீ வயரைப் பாரு."

"வயரைப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

கதவுக்கு வெளியே விருந்தினர்கள் சலசலத்தார்கள். தொண்டைக்கு இதமாக வெந்நீர் வேண்டுமென்று கெட்டிலைச் செருகிவிட்டு, அவர் தறி முன் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். துணியில் பளபளத்த ஷூ ஏறியது, பிறகு தொப்பை, கோட்டு, தாடி, தலைமுடி.

"அந்த நெசவுக்காரி தொடங்கியதை நான் முடித்தேன். இதன் ஒவ்வொரு இழையும் என் கையால் உயிர்பெற்றது."

டக் நின்றது.

சர்ர்.

துணியில் தலைமுடி வரிவரியாகக் காணாமல் போனது. நெற்றி. புருவம். மனைவி துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பத் துணிவில்லை. கண்.

"ஏம்மா லைட்டை அணைச்ச?" என்றார்.

விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

ப்ளக்கைப் பிடுங்க ஓடினாள். சுவரில் செருகியிருந்தது கெட்டில். தறியின் ப்ளக் தரையில் கிடந்தது.

சர்ர். மூக்கு.

"இங்க யாரு..."

உதடு.

கழுத்து. தோள். சர்ர். சர்ர்.

திரும்பினாள். ஷூக்கள் இரண்டும் கணுக்கால்களோடு நேராக நின்றன. அதற்கு மேலே ஒன்றுமில்லை. கணுக்காலின் விளிம்பிலிருந்து ஒரு சிவப்பு நூல், ஆவி பறக்க, தறியை நோக்கி நிதானமாக உருவிக்கொண்டு போனது.

கதவு திறந்தது. விருந்தினர்கள் பார்த்தார்கள். கைதட்டினார்கள்.

பிறகு தறி முன்னால் வரிசையில் நின்றார்கள்.