நாற்பது விண்ணப்பங்கள்... ஒரு பிணம்!

"ஐயோ...!"

இசைவாணி போட்ட அலறலில் தெருவே திரும்பியது.

கடலூர், திருப்பாதிரிப்புலியூர். 2009 ஜூலை. காலை பத்தரை மணி.

'விடிவெள்ளி கல்வி அறக்கட்டளை'யின் செயலாளர் தேவநாதன் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் இரும்பு பஞ்சிங் மெஷின்... ரத்தத்தோடு!

இசைவாணி வாசல்வரை பின்வாங்கினாள். கூடவே எரிச்சலும் வந்தது. வராதா பின்னே? கிள்ளையிலிருந்து இரண்டு பஸ் மாறி அவள் வருவது இது ஆறாவது தடவை. சிதம்பரத்தில் இன்ஜினியரிங் சீட். நாளை மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்கு. உதவித்தொகை செக் வந்தபாடில்லை. அவளுடைய ஒரிஜினல் மார்க் ஷீட்டை வேறு வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். கேட்கும்போதெல்லாம் கிளார்க் சபாபதி சொல்வது ஒரே பதில்.

"நாளைக்கு வாம்மா."

வந்தாள். வந்த இடத்தில் இந்த லட்சணம்!

கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் மணவாளன் வந்து இறங்கினார்.

"நீதான் மொதல்ல பாத்தியா?"

"ஆமா சார். செக்கு கேக்க வந்தேன்."

வாசலில் சபாபதி துண்டை வாயில் பொத்திக்கொண்டு தேம்பினார். "டீ குடிக்கப் போயிருந்தேங்கய்யா... அதுக்குள்ள எந்தப் பாவியோ...!"

பிணத்தின் முழங்கைக்கு அடியில் ஒரு தாள் கட்டு. மணவாளன் உருவினார்.

"என்னய்யா இது?"

"இந்த வருஷம் ஓகே ஆன நாப்பது அப்ளிகேஷன்யா. அவுங்கவுங்க வீட்டுல எழுதி அனுப்புனது. நாங்க சீல் வெக்கிறதோட சரி."

மணவாளன் புரட்டப் புரட்ட, இசைவாணி எட்டி எட்டித் தன் பெயரைத் தேடினாள்.

இல்லை!

ஆயிரத்து நூற்று இருபது மார்க் வாங்கியும் இல்லை! அழுகை முட்டியது. ஆனால்... அந்தத் தாள்களில் ஏதோ உறுத்தியது.

"சார்... மூலையப் பாருங்க."

எல்லாத் தாளிலும் நான்கு மூலையிலும் மஞ்சள்.

"அதுக்கென்ன? எம்பொண்ணு அப்ளிகேஷனுக்கு எங்க வீட்லயும்தான் தடவுனாங்க."

"எங்கம்மாவும் தடவுச்சு சார். பேரப் படிங்க."

படித்தார். ஆரோக்கியமேரி... அந்தோணிராஜ்... எஸ்தர் ராணி... பெஞ்சமின்...

"சர்ச்சுக்குப் போறவுங்க வீட்ல யாரு சார் மஞ்சள் வெச்சு அனுப்புவாங்க? நாப்பதும் ஒரே ஆளு எழுதுனது!"

மணவாளனின் பார்வை கிளார்க் மேஜைக்குத் தாவியது. வருகைப் பதிவேடு... புது ஃபைல்... டைரி... எல்லாவற்றின் நான்கு மூலையிலும் மஞ்சள்!

தேம்பல் சட்டென்று நின்றது.

சபாபதி ஓடினார்! கூட வந்த கான்ஸ்டபிள் காலை நீட்டினார். சபாபதி குப்புற விழுந்தார்.

"எல்லாம் பொய்ப் பேரு, பணம் எனக்குத்தான் வருதுன்னு செயலாளர் கண்டுபிடிச்சிட்டாருங்கய்யா... போலீசுக்குப் போன எடுத்தாரு... அடிச்சிட்டேன். இந்தப் பொண்ணு வர்ற சத்தம் கேட்டு பின்பக்கமா ஓடிட்டேன். மஞ்சள் வெக்காம எதையும் எழுதிப் பழக்கமில்லீங்கய்யா!"

"திருட்டுக்குமாடா?"

ஜீப் அவரை விழுங்கியது.

"சபாஷ்! பலே மூளைக்காரி நீ!" என்றார் மணவாளன்.

இசைவாணிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "சார்... நாப்பது எடமும் காலிதானே? என் செக்கு...?"

அவர் முகம் சுருங்கியது. "பேங்க் கணக்க முடக்கச் சொல்லியாச்சும்மா."

"சரி சார்... என் மார்க் ஷீட்டையாச்சும் எடுத்துக் குடுங்க. கடன வாங்கியாவது கட்டிக்கிறேன்."

"பீரோவுக்கு சீல் வெச்சாச்சே! உள்ள இருக்கிறதெல்லாம் இனிமே கேஸ் ப்ராப்பர்ட்டி. கோர்ட்டு சொன்னாத்தான் தொறக்க முடியும்."

"கோர்ட்டு எப்ப சார் சொல்லும்?"

"கொலைக் கேஸு... நாலஞ்சு வருஷம் ஆகும்."

கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தவளுக்குக் கிடைத்த பரிசு அதுதான்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப இன்ஜினியரிங் வேணாம் சார், வக்கீலுக்கே படிக்கிறேன். மார்க் ஷீட் கேக்காம சேத்துக்கற லா காலேஜ் ஒண்ணு மட்டும் சொல்லுங்க... உங்க கேஸ நானே சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்!"