நோகாத கால்

"ஐயோ... டொக்டர்!"

தாதி தக்சாயினியின் அலறலில் இணுவிலின் அந்தச் சின்ன ஆராய்ச்சி மருத்துவமனையே அதிர்ந்தது.

பரிசோதனை அறைத் தரையில் டொக்டர் சிவகரன் குப்புறக் கிடந்தார். மீன்பிடி நைலோன் நூலான தங்கூசி கழுத்துத் தோலைக் கிழித்துப் புதைந்திருந்தது. தரையெல்லாம் ரத்தம். வலது கையில் மட்டும் ஒரு சின்ன ஊசி... செத்த பிறகும் விடாமல்!

காலை பத்தரை மணி. பக்கத்து வீட்டில் தவில் பயிற்சி. அந்த முழக்கத்தில் ஒரு மனிதன் சாவது யாருக்குக் கேட்கும்?

இன்ஸ்பெக்டர் உதயகலா வந்தாள்.

"இங்கை என்ன வைத்தியம் பிள்ளை?"

"முள்ளந்தண்டு பழுதாகி இடுப்புக்குக் கீழை விளங்காதவைக்கு ஸ்டெம் செல் ஊசி மேடம். செத்த நரம்பு திரும்ப வளருமோ எண்டு ஒரு சோதனை. அஞ்சு பேருக்கு நடக்குது."

"இண்டைக்கு ஆர் ஆர் வந்தவை?"

"அந்த அஞ்சு பேர்தான். வேறை ஒருத்தரும் வரேல்லை."

கான்ஸ்டபிள் கோகுலன் சிரித்தான்.

"அஞ்சும் சக்கர நாற்காலி மேடம். ஒருத்தராலையும் எழும்ப ஏலாது. கொலைகாரன் மதில் பாய்ஞ்சு வந்திருப்பான்!"

"டொக்டரின்ரை முழங்காலைப் பாரும். ரண்டிலையும் தூசி. கையிலை ஊசி. ஆரின்ரையோ காலை நோகுதோ எண்டு குத்திப் பாக்க முழந்தாளிலை இருந்திருக்கிறார். குனிஞ்ச தலையிலை சுருக்குப் போட எழும்ப வேணுமோ?"

கோகுலனின் சிரிப்பு காணாமல் போனது.

காத்திருப்பு அறையில் இருந்த நான்கு பேரின் பாதங்களில் ஒரு கீறல்கூட இல்லை. அவர்களைக் கோகுலன் வாசலுக்கு உருட்டிப்போனான்.

மிச்சம் கஜீவன்.

காங்கேசன்துறைச் சுழியோடி. கடலட்டை பிடிக்க ஆழத்துக்குப் போனவன், மூன்று வருடங்களுக்கு முன் அவசரப்பட்டு மேலே வந்தான். ரத்தத்தில் ஏறிய காற்றுக் குமிழி முள்ளந்தண்டைக் கெடுத்துவிட்டது. கால்கள் விறகு. கைகள் மட்டும் இரும்பு!

"காலைக் காட்டும் தம்பி."

உதயகலா முழந்தாளிட்டாள்.

பாதத்தில் புத்தம்புதிதாக மூன்று சிவப்புப் புள்ளிகள்!

நிமிர்வதற்குள்...

சரக்!

கழுத்தில் இன்னொரு தங்கூசி! டொக்டர் செய்த அதே தவறு! அறிவுள்ளவள்தான், அவசரம் யாரை விட்டது?

"உப்புத்தண்ணி!" கஜீவன் உறுமினான். "காலமை மருந்தறையிலை என்ரை கண்ணாலை கண்டனான். ஊசியிலை வெறும் உப்புத்தண்ணி! ஆறு மாசமா நடப்பன், கடலுக்குப் போவன் எண்டு கனவு கண்டு கிடந்தனான்... உவன் என்னை ஏமாத்திப்போட்டான்!"

கழுத்திலிருந்து ரத்தம் வழிந்தது. மூச்சு நின்றது. கண் இருட்டியது. உதயகலாவின் கை நெஞ்சிலிருந்த பெயர்ப்பட்டியைப் பிய்த்தது. அதன் பின்புற ஊசியை... அவன் கால் பெருவிரலில் முழுதாக இறக்கினாள்!

"ஆ! அம்மா! என்ரை கால்!"

தங்கூசி தளர்ந்தது.

இருவரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தார்கள்.

"எனக்கு... நொந்தது," என்றான் கஜீவன். "மேடம், எனக்குக் கால் நொந்தது!"

மூன்று வருடத்தில் முதல் வலி. மடையன், சந்தோஷத்தில் தேம்பி அழுதான்!

சத்தம் கேட்டு ஓடிவந்த தக்சாயினி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணை... அஞ்சிலை மூண்டு பேருக்கு உப்புத்தண்ணிதான். மருந்து உண்மையிலை வேலை செய்யுதோ எண்டு ஒப்பிட்டுப் பாக்க. நீங்கள் கையெழுத்து வைச்ச படிவத்திலை எல்லாம் கிடந்தது. வாசிக்கேல்லையோ?"

"ஆ... ஆறு பக்கம்..."

"ஆருக்கு எது எண்டு டொக்டருக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். காலமை நீங்கள் கண்டது வேறை ஆளின்ரை ஊசி. உங்களுக்குப் போட்டது முழுக்க மருந்து!"

கஜீவனின் முகம் வெளிறியது.

"அப்ப... நான் நடப்பனோ?"

"இன்னும் ரண்டு ஊசி மிச்சம். அதைப் போடத் தெரிஞ்ச ஒரே ஆள்..."

அவள் பரிசோதனை அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

கஜீவன் இப்போது அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோகுலன் விலங்கோடு ஓடிவந்தான்.

"மேடம், இவரைத் தூக்கி ஜீப்பிலை போடட்டோ?"

உதயகலா கழுத்து ரத்தத்தைத் துடைத்தாள்.

"மெல்லமாத் தூக்கும் கோகுலன்... அவருக்குக் கால் நோகும்!"